ஈமேக்ஸ் பிளகின்கள் எல்லாம் ஒரே கோப்பில்: கல்முனைக் கணினி அறையில் நிக்ஸ் அமைத்த பதிவு

பத்துக் கணினி, ஒரு 4ஜி ரவுட்டர், மாதம் முடியுமுன் தீர்ந்துபோகும் டேட்டா. கல்முனையில் பைதனும் தமிழ் உரைத் தொகுப்பும் பழக்கும் ஒரு பயிற்சி அறைக்காகச் செய்த அமைப்பு இது. எல்லாக் கணினியிலும் டெபியன் 12, எடிட்டர் ஈமேக்ஸ். பத்திலும் ஒரே பிளகின், ஒரே பதிப்பு இருக்க வேண்டும். எதையும் இணையத்திலிருந்து ஒரு தடவைக்கு மேல் இறக்கக் கூடாது. வேலை முழுவதும் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

ஈமேக்ஸின் சொந்தப் பொதி முகாமையாளரை வைத்து இதைச் சாதிக்க முடியாது. மெல்பா களஞ்சியம் ஒவ்வொரு பிளகினையும் அதன் கடைசி கமிட்டிலிருந்து (மூலநிரலில் பதிவான மாற்றம்) கட்டித் தருகிறது, பதிப்பு எண்ணாகத் திகதியைப் போடுகிறது. திங்கட்கிழமை நிறுவிய கணினியில் ஒன்று, அடுத்த கிழமை நிறுவிய கணினியில் வேறொன்று. ஒரு மேசையில் ஓடும் பயிற்சி பக்கத்து மேசையில் பிழை காட்டும். மெல்பா புதியதைத் தருவதற்கென்றே உள்ள களஞ்சியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பறைக்கு வேண்டியது உறைந்து நிற்கும் பதிப்பு.

அதற்காக எடுத்தது நிக்ஸ் என்ற பொதி முகாமையாளர். அதில் "இதை நிறுவு" என்று கட்டளையிடுவதில்லை. என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதுகிறோம், மீதியை அது பார்த்துக்கொள்ளும். வரியை அழித்தால் அடுத்த தடவை அந்தப் பிளகினும் இருக்காது. ஒவ்வொரு பொதியும் /நிக்ஸ்/ஸ்டோர் கோப்புறைக்குள், 32 எழுத்து ஹாஷ் (கணக்கிட்ட அடையாளக் குறி) முன்னால் ஒட்டிய தனிப் பெயரில் அமரும். மூலநிரல், கம்பைலர், சார்ந்த நூலகங்கள் இவற்றில் எது மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். ஆகவே பழையதும் புதியதும் ஒன்றையொன்று மிதிக்காமல் பக்கத்தில் கிடக்கும். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003இல் தொடங்கி, 2006இல் ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாக முன்வைத்த முறை இதுதான்.

நிறுவல்

முதலில் 'யூநேம் -எம்' அடித்துப் பார்க்கவும். 'எக்ஸ்86_64' என்று வர வேண்டும். 32 பிட் கணினிக்குத் தயாராகக் கட்டிய பொதிகள் மிகக் குறைவு, எல்லாவற்றையும் அந்தப் பழைய பெட்டியே கம்பைல் பண்ண நேரிடும். அப்படிப்பட்டதை இதில் சேர்க்க வேண்டாம்.

நிறுவியைப் பத்துக் கணினியிலும் இணையத்திலிருந்து ஓட்டத் தேவையில்லை. நிக்ஸின் டார் கோப்பை ஒருதரம் இறக்கிப் பென் டிரைவில் போட்டு, விரித்து, உள்ளே இருக்கும் 'இன்ஸ்டால்' ஸ்கிரிப்டை '--டீமன்' சேர்த்து ஓட்டினால் போதும். அது 32 பில்ட் பயனர்களையும் ஒரு சிஸ்டம்டி சேவையையும் உருவாக்கும். முன்பு பாதியில் நின்ற நிறுவல் ஏதாவது இருந்தால், /ஈடிசி-க்குள் 'பாஷ்.பாஷ்ஆர்சி.பேக்கப்-பிஃபோர்-நிக்ஸ்' என்ற கோப்பு கிடக்கும். அது கிடக்கும்வரை ஸ்கிரிப்ட் முன்னேறாது. அதைப் பழைய பெயருக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டவும். பிறகு /ஈடிசி/நிக்ஸ்/நிக்ஸ்.கான்ஃப் கோப்பில் 'எக்ஸ்பெரிமென்டல்-ஃபீச்சர்ஸ்' என்பதற்கு 'நிக்ஸ்-கமாண்ட்', 'ஃப்ளேக்ஸ்' இரண்டையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே வரும் கட்டளைகள் எதுவும் வேலை செய்யாது.

டெபியன் 12 தரும் ஈமேக்ஸ் 28.2. நிக்ஸின் பொதித் தொகுப்பான நிக்ஸ்பேக்ஸின் 25.05 கிளையில் கிடைப்பது 30. பிளகின்களை அமைக்கும் யூஸ்-பேக்கேஜும், மொழிச் சேவையகத்தோடு பேசும் ஈக்ளாட்டும் 29இலிருந்து ஈமேக்ஸோடு சேர்ந்தே வருவதால் பட்டியலில் இரண்டு வரி மிச்சம். டெபியனின் ஈமேக்ஸை 'ஆப்ட் ரிமூவ்' செய்துவிடுவது நல்லது. இரண்டும் இருந்தால் டெர்மினலில் ஒன்றும் மெனுவில் மற்றொன்றும் திறந்து, பிழை எங்கே என்று தேடுவதிலேயே வகுப்பு முடிந்துவிடும்.

கோப்புகள்

பதிப்புகளைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் கீழ் ஒரு கோப்புறை (நிக்ஸ் இதை ஃப்ளேக் என்கிறது), அதற்குள் மூன்று கோப்பு: ஃப்ளேக்.நிக்ஸ், ஹோம்.நிக்ஸ், ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் இனிட்.எல். முதல் கட்டுமானத்தோடு ஃப்ளேக்.லாக் தானாக வந்து சேரும். பதிப்புகளைப் பூட்டி வைப்பது இந்த நான்காவது கோப்பு, ஆகவே அதையும் கமிட் செய்ய வேண்டும்.

ஃப்ளேக்.நிக்ஸில் உள்ளீடு இரண்டு: நிக்ஸ்பேக்ஸின் 'நிக்ஸ்ஓஎஸ்-25.05' கிளை, பயனரின் வீட்டுக் கோப்புறையை நிக்ஸ் வழியாக அமைக்கும் ஹோம் மேனேஜரின் 'ரிலீஸ்-25.05' கிளை. எண்கள் ஒத்துப்போக வேண்டும். நிக்ஸ்பேக்ஸ் வருடத்துக்கு இரண்டு வெளியீடு, மே மாதத்தில் .05, நவம்பரில் .11. ஹோம் மேனேஜரும் அதே எண்ணில் கிளை வைத்திருக்கும். அத்தோடு, ஹோம் மேனேஜரின் நிக்ஸ்பேக்ஸ் உள்ளீட்டுக்கு 'ஃபாலோஸ்' என்று போட்டு நம்முடைய நிக்ஸ்பேக்ஸையே காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நிக்ஸ்பேக்ஸ் முழுவதும் இரண்டு பிரதியாக இறங்கும்.

ஹோம்.நிக்ஸில் 'புரோகிராம்ஸ்.ஈமேக்ஸ்.எனேபிள்' உண்மை. 'பேக்கேஜ்' என்பதற்கு 'ஈமேக்ஸ்-ஜிடிகே' (ஈமேக்ஸின் மற்றொரு சாளர வடிவமான பிஜிடிகே ஏன் வேண்டாம் என்பது தமிழ் உள்ளீட்டுப் பகுதியில் வருகிறது). 'எக்ஸ்ட்ராபேக்கேஜஸ்' பட்டியலில் மேகிட், வெர்டிகோ, ஆர்டர்லெஸ், கன்சல்ட், கார்ஃபு, வீடெர்ம், பைதன் நிரலைப் பகுக்கும் ட்ரீ-சிட்டர் இலக்கணம். மொழிச் சேவையகம் பைரைட் ஈமேக்ஸ் பிளகின் அல்ல, ஆகவே அது 'ஹோம்.பேக்கேஜஸ்' பட்டியலுக்குப் போகும். நிக்ஸ்பேக்ஸில் சாதாரணமாக எழுதும் பெயர் பெரும்பாலும் மெல்பாவின் திகதிப் பதிப்பையே குறிக்கும், ஆனால் லாக் கோப்பு பூட்டிய நாளின் பதிப்பு. நிலைப் பதிப்புத்தான் வேண்டுமென்றால் 'மெல்பாஸ்டேபிள்பேக்கேஜஸ்' தொகுதியிலிருந்து எடுக்கவும்.

நிக்ஸின் பலன், ஈமேக்ஸுக்குள் டெர்மினல் தரும் வீடெர்மில் நன்றாகத் தெரியும். வழக்கமான முறையில் முதல் தடவை திறக்கும்போது அது சீ மாடியூலைக் கம்பைல் பண்ணக் கேட்கும், அதற்கு சிமேக்கும் கம்பைலரும் வேண்டும். ட்ரீ-சிட்டர் இலக்கணமும் அப்படித்தான், கிட்டும் சீ கம்பைலரும் இல்லாமல் நிறுவாது. நிக்ஸில் இரண்டும் கட்டி முடித்த நிலையில் வருகின்றன. மாணவர் கணினி எதிலும் கம்பைலர் தேவைப்படவில்லை.

புதிதாகச் சேர்த்த கோப்பை 'கிட் ஆட்' செய்யாமல் கட்ட முயன்றால், கண்ணுக்கு முன்னால் இருக்கும் கோப்பையே "இல்லை" என்று நிக்ஸ் சொல்லும். கிட் அறிந்த கோப்புகளை மட்டுமே ஃப்ளேக் உள்ளே எடுக்கும். கமிட் வரை போக வேண்டியதில்லை, 'ஆட்' போதும்.

மற்றக் கதவுகளை மூடுவது

பட்டியல் எழுதுவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஈமேக்ஸ் தானாக எதையும் இறக்கும் வழி ஒன்று திறந்திருந்தாலும் பட்டியலுக்கு மதிப்பில்லை. இனிட்.எல்-இல் 'பேக்கேஜ்-ஆர்க்கைவ்ஸ்' என்பதை 'நில்' ஆக்கவும். 'யூஸ்-பேக்கேஜ்-ஆல்வேஸ்-என்ஷுர்' என்பதும் 'நில்'. வேறெங்கிருந்தோ நகலெடுத்த துண்டுகளில் ':என்ஷுர் டி' இருந்தால் அந்தச் சொல்லை மட்டும் நீக்கவும். பிளகின் நிக்ஸ் வழியாக ஏற்கெனவே இருந்தால் அது ஒன்றும் செய்யாது, உண்மைதான். ஆனால் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க மறந்திருந்தால், வலையிலிருந்து இறக்கி அந்த மறதியை மறைத்துவிடும். மறதி பிழையாக வெளியே தெரிவதே நல்லது.

ஆகப் பெரிய தொல்லை பழைய '.ஈமேக்ஸ்.டி' கோப்புறை. புதிய இனிட்.எல்-ஐ '.கான்ஃபிக்/ஈமேக்ஸ்' கீழே வைத்தால், பழைய கோப்புறை இருக்கும்வரை ஈமேக்ஸ் அதற்குள்ளேயே போகும், புதியதைத் திறந்தும் பார்க்காது. சரி, '.ஈமேக்ஸ்.டி'க்குள்ளேயே வைக்கலாம் என்றால் அங்கே ஈமேக்ஸ் முன்பு இறக்கிய பிளகின்கள் கிடக்கும் 'எல்பா' என்ற உட்கோப்புறை காத்திருக்கும். ஒரே பிளகின் இரண்டு இடத்தில் இருந்தால் ஈமேக்ஸ் பதிப்பு எண் பெரியதையே எடுக்கும். நிக்ஸ் தந்தது நிலைப் பதிப்பு 4.3 என்றும், எல்பாவில் கிடப்பது 20230515 என்றும் வைத்துக்கொள்வோம். திகதி எண்தான் பெரியது, ஆகவே பழைய பிளகின் வெல்லும். லாக் கோப்பை எத்தனை தடவை புதுப்பித்தாலும் எடிட்டரில் மாற்றம் வராது.

கண்டுபிடிக்க, ஈமேக்ஸுக்குள் 'லொக்கேட்-லைப்ரரி' என்று அழைத்துப் பிளகின் பெயரைக் கொடுக்கவும். பாதை /நிக்ஸ்/ஸ்டோர் என்று தொடங்க வேண்டும். 'லிஸ்ட்-லோட்-பாத்-ஷாடோஸ்' எதை எது மறைக்கிறது என்று பட்டியலாகக் காட்டும். தீர்வு ஒன்றுதான்: பழைய '.ஈமேக்ஸ்.டி'யையும், '.ஈமேக்ஸ்' கோப்பு இருந்தால் அதையும் வேறு பெயருக்கு மாற்றிவிட்டு '.கான்ஃபிக்/ஈமேக்ஸ்' வழியில் போவது.

இனிட்.எல் இப்போது ஸ்டோருக்குள் இருக்கும் கோப்பைச் சுட்டும் இணைப்பு, அதில் எழுத முடியாது. கஸ்டமைஸ் திரையில் யாராவது எழுத்தளவை மாற்றிச் சேமித்தால் பிழை வரும். 'கஸ்டம்-ஃபைல்' என்பதை அதே கோப்புறையில் கஸ்டம்.எல் என்ற தனிக் கோப்புக்குத் திருப்பி, அந்தக் கோப்பு இருந்தால் ஏற்றும்படி ஒரு வரி எழுதவும். மாணவர் தன் எழுத்தளவையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளட்டும், பிளகின் பட்டியலில் மட்டும் கை படாது.

தாய்க் கணினியிலிருந்து மற்ற ஒன்பதுக்கும்

8 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினியைத் தாயாக வைத்துக்கொள்ளவும். மற்றவை 4 ஜிபி. ஒவ்வொரு கணினியிலும் 'ஹோம்-மேனேஜர் ஸ்விட்ச்' ஓட்டினால், நிக்ஸ்பேக்ஸ் மூலத்தைக் கிட்ஹப்பிலிருந்து இறக்கி, கோப்பைப் படித்துக் கணக்குப் போட்டு, அதற்குப் பிறகுதான் பொதிகளை எடுக்கத் தொடங்கும். சின்னக் கணினிக்கு இது பாரம், டேட்டாவும் வீண். பத்திலும் பயனர் பெயரும் வீட்டுக் கோப்புறையும் ஒன்றாக இருந்தால் ஒரே ஒரு முடிவை எல்லாவற்றுக்கும் அனுப்பலாம்.

தாய்க் கணினியில் 'நிக்ஸ் பில்ட்' கட்டளைக்கு அந்தப் பயனரின் 'ஆக்டிவேஷன்பேக்கேஜ்' என்பதைக் கொடுத்துக் கட்டவும். 'ரிசல்ட்' என்ற இணைப்பு கிடைக்கும். அது சுட்டும் ஸ்டோர் பாதைதான் அனுப்ப வேண்டிய பொருள். தாய்க் கணினியில் அதன் ஸ்டோரை வலையில் பரிமாறும் நிக்ஸ்-சர்வ் 5000ஆம் போர்ட்டில் ஓடட்டும். மற்றக் கணினியில் 'நிக்ஸ் காப்பி --ஃப்ரம்' என்று தாயின் முகவரியையும் அந்தப் பாதையையும் கொடுத்தால், சார்ந்த பொதிகள் எல்லாம் அறைக்குள் உள்ள கேபிள் வழியாகவே வந்துவிடும், ரவுட்டரின் சிம் சும்மா இருக்கும். வந்தபின் அந்தப் பாதைக்குள் இருக்கும் 'ஆக்டிவேட்' ஸ்கிரிப்டை மாணவர் கணக்கில் ஓட்டவும். சூடோ போட்டால் பயனர் பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடும்.

இந்த இடத்தில் எல்லோரையும் மறிப்பது கையொப்பம். "நம்பகமான சாவியின் கையொப்பம் இல்லை" என்ற பிழை வரும். நிக்ஸின் பொதுச் சேமிப்பகத்திலிருந்து வந்த பொதிகளுக்கு அதன் கையொப்பம் ஏற்கெனவே உண்டு. தாய்க் கணினியே கட்டிய சில பொதிகளுக்கு, அதாவது பிளகின்களைச் சேர்த்துச் சுற்றிய ஈமேக்ஸ், இனிட் கோப்பு போன்றவற்றுக்கு, இல்லை. 'நிக்ஸ்-ஸ்டோர் --ஜெனரேட்-பைனரி-காஷ்-கீ' மூலம் சாவி இணை ஒன்றை உண்டாக்கி, இரகசியச் சாவியைத் தாயின் நிக்ஸ்.கான்ஃபில் 'சீக்ரட்-கீ-ஃபைல்ஸ்' என்பதிலும், பொதுச் சாவியை மற்றவற்றின் 'டிரஸ்டட்-பப்ளிக்-கீஸ்' என்பதிலும் சேர்க்கவும். அங்கே ஏற்கெனவே உள்ள சாவியை அழித்துவிடக் கூடாது, பக்கத்தில் சேர்க்க வேண்டும். சாவி வைப்பதற்கு முன்பே கட்டியவை கையொப்பமில்லாமல் கிடக்கும், அவற்றுக்கு 'நிக்ஸ் ஸ்டோர் சைன் --ரிகர்சிவ்' கட்டளையை, இரகசியச் சாவிக் கோப்பை '--கீ-ஃபைல்' மூலம் கொடுத்து, ஒருதரம் ஓட்டவும். நிக்ஸ்.கான்ஃபைத் திருத்தியபின் டீமனை மறுபடி தொடக்குவதும் கட்டாயம்.

மட்டக்களப்பு கல்லடியில் உள்ள அறைக்குக் கேபிள் எட்டாது. அங்கே வெளி ஹார்ட் டிஸ்க் பஸ்ஸில் போகும். 'நிக்ஸ் காப்பி --டு' கட்டளைக்கு டிஸ்கின் கோப்புறையை 'ஃபைல்://' முகவரியாகக் கொடுத்து, முகவரியின் கடைசியில் 'கம்ப்ரஷன்=இசட்ஸ்டிடி' சேர்க்கவும். சேர்க்காவிட்டால் எக்ஸ்இசட் முறையில் சுருக்கும், பழைய புரொசசரில் அது நெடுநேரம் இழுக்கும். அங்கேயும் யாராவது கோப்பைத் திருத்திக் கட்டப்போகிறார்கள் என்றால் பொதி மட்டும் போதாது, நிக்ஸ்பேக்ஸ் மூலமும் வேண்டும். 'நிக்ஸ் ஃப்ளேக் ஆர்க்கைவ் --டு' அதே டிஸ்குக்கு எல்லா உள்ளீட்டையும் நகலெடுத்துவிடும்.

தமிழ் எழுத்தும் விசைப்பலகையும்

27.1 பதிப்பு (2020) முதல் ஈமேக்ஸ் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் கொண்டு எழுத்தை உருவாக்குகிறது. கொம்பும் காலும் தம் இடத்தில் உட்காரும். இந்த அறையில் டெர்மினல் எடிட்டரை விட்டு ஈமேக்ஸின் சாளர வடிவத்தை எடுத்ததற்குக் காரணமும் அதுவே: கட்ட எழுத்தகலத்துக்குள் 'கொ', 'ஸ்ரீ' போன்றவை பெரும்பாலான டெர்மினல்களில் நசுங்கும், கர்சரும் விலகி நிற்கும். எழுத்துருவையும் பட்டியலிலேயே போடலாம். 'ஹோம்.பேக்கேஜஸ்' பட்டியலில் மீரா இனிமை, கூடவே 'ஃபான்ட்ஸ்.ஃபான்ட்கான்ஃபிக்.எனேபிள்' உண்மை, இனிட்.எல்-இல் 'செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட்' மூலம் தமிழ்ப் பகுதிக்கு அந்த எழுத்துரு.

ரெங்கநாதன் விசைப்பலகை டெபியனின் ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டுக் கருவிகள் வழியாக வருகிறது. நிக்ஸ் கட்டிய பிஜிடிகே ஈமேக்ஸ், உள்ளீட்டுக்கு ஜிடிகே மாடியூலையே நம்பும். டெபியனின் மாடியூலை அது ஏற்றாததால் தமிழ் விழாது. சாதாரண ஜிடிகே ஈமேக்ஸ், எக்ஸ் சாளர அமைப்பின் உள்ளீட்டு முறையான எக்ஸ்ஐஎம் வழியாகப் பேசும், ஆகவே 'எக்ஸ்மாடிஃபையர்ஸ்' மாறி ஐபஸைச் சுட்டினால் போதும். அதன் பிறகும் தமிழ் விழாவிட்டால் ஈமேக்ஸை டெர்மினலிலிருந்து திறந்து பார்க்கவும். சீ நூலகம் இந்த லொக்கேலை (மொழி, வட்டார அமைப்பை) ஆதரிக்கவில்லை என்ற ஜிடிகே எச்சரிக்கை வந்தால் காரணம் அதுதான்: நிக்ஸின் சீ நூலகம் டெபியனின் லொக்கேல் கோப்பைப் படிப்பதில்லை, லொக்கேல் இல்லாமல் எக்ஸ்ஐஎம் திறக்காது. ஹோம்.நிக்ஸில் 'டார்கெட்ஸ்.ஜெனரிக்லினக்ஸ்.எனேபிள்' போட்டு, மாணவர் கணக்கின் '.எக்ஸ்செஷன்ஆர்சி' கோப்பில் நிக்ஸ் புரொஃபைலுக்குள் இருக்கும் 'எச்எம்-செஷன்-வார்ஸ்.எஸ்எச்' கோப்பை ஏற்றும் வரியைச் சேர்க்கவும். மெனுவிலிருந்து திறக்கும் ஈமேக்ஸுக்கும் அப்போதுதான் அந்த மாறிகள் போய்ச் சேரும். வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும்.

நிக்ஸ்பேக்ஸில் இல்லாத பிளகின்

'டிரிவியல்பில்ட்' மூலம் கட்டலாம். 'ஃபெட்ச்ஃப்ரம்கிட்ஹப்' பகுதியில் உரிமையாளர், களஞ்சியம், கமிட் எண், ஹாஷ். ஹாஷ் தெரியாதபோது 'லிப்.ஃபேக்ஹாஷ்' போட்டுக் கட்டினால் பொருந்தவில்லை என்று நின்று, 'காட்' என்ற வரியில் சரியானதைக் காட்டும். அதை நகலெடுத்து ஒட்டவும். பின்னர் கமிட் எண்ணை மாற்றும்போது ஹாஷையும் மறுபடி ஃபேக்ஹாஷாக மாற்றியே தீர வேண்டும். பழைய ஹாஷை விட்டுவைத்தால், அந்த ஹாஷ் உள்ள மூலம் ஸ்டோரில் ஏற்கெனவே இருக்கிறது என்று பழையதையே எடுத்துக் கட்டிவிடும். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது.

கரண்ட் போனால்

மாரி காலத்தில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, கட்டுமானம் நடக்கும்போது கரண்ட் போகும் என்று எண்ணியே வேலையைத் திட்டமிட வேண்டும். நிக்ஸ் இதில் உறுதியானது: முழுதாகக் கட்டி முடியாத பொதி அதன் தரவுத்தளத்தில் பதிவாகாது, அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் விட்ட இடத்தை அது பார்த்துக்கொள்ளும். புதிய அமைப்புக்கு மாறுவதும் கடைசியில் ஓர் இணைப்பை மாற்றுவதுதான். ஆனால் டிஸ்குக்கு எழுதி முடியுமுன் கரண்ட் போனால், பதிவான பொதிக்குள்ளும் சுழிய நீளக் கோப்புகள் சில வேளை எஞ்சும். காரணமில்லாமல் ஒரே ஒரு கணினியில் ஈமேக்ஸ் திறக்க மறுத்தால் ரூட்டாக 'நிக்ஸ்-ஸ்டோர் --வெரிஃபை --செக்-கன்டென்ட்ஸ் --ரிப்பேர்' ஓட்டவும். எல்லாப் பொதியின் ஹாஷையும் சரிபார்ப்பதால் நேரம் எடுக்கும், கெட்டதை மட்டும் மறுபடி இறக்கும். அதற்கு முன் தாயின் முகவரியை 'சப்ஸ்டிடியூட்டர்ஸ்' வரியில் போட்டு வைத்தால் அந்த இறக்கமும் அறைக்குள்ளேயே முடியும். தாய் அணைந்திருக்கும் நேரத்தில் வீணாகக் காத்திருக்காமலிருக்க 'கனெக்ட்-டைம்அவுட்' 5 என்று வைக்கவும்.

புதுப்பித்தல்

'நிக்ஸ் ஃப்ளேக் அப்டேட்' தாய்க் கணினியில் மட்டும், பாடநெறி முடிந்து அடுத்தது தொடங்குமுன். நடுவில் தொட வேண்டாம். கட்டிய பின் 'நிக்ஸ் ஸ்டோர் டிஃப்-க்ளோஷர்ஸ்' கட்டளைக்குப் பழைய பாதையையும் புதிய பாதையையும் கொடுத்தால் எந்தப் பிளகின் எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது, அளவு எவ்வளவு கூடியது என்று வரிவரியாகச் சொல்லும். அதை லாக் கோப்பின் கமிட் செய்தியிலேயே ஒட்டி வைக்கவும். முதலில் ஒரு மாணவர் கணினிக்கு அனுப்பி, மேகிட், ஈக்ளாட், தமிழ் உள்ளீடு மூன்றையும் சோதித்த பிறகு மற்றவற்றுக்கு.

பழுதானால் பின்வாங்குவது எளிது. முந்தைய தலைமுறையின் (முன்பு ஓடிய அமைப்பின்) ஸ்டோர் பாதைக்குள் இருக்கும் 'ஆக்டிவேட்'டை ஓட்டினால் பழைய நிலை வந்துவிடும், இணையம் தேவையில்லை. அதற்குப் பழையது டிஸ்கில் இருக்க வேண்டும். ஆகவே பழையவற்றை அழிக்கும் 'நிக்ஸ்-கலெக்ட்-கார்பேஜ்' கட்டளையை '-டி' போட்டு ஓட்டும் பழக்கம் வேண்டாம், '--டிலீட்-ஓல்டர்-தான் 60டி' என்று எல்லை கொடுக்கவும். மாணவர் கணக்கிலிருந்தே ஓட்ட வேண்டும். ரூட்டாக ஓட்டினால் மாணவரின் பழைய தலைமுறைகள் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும், இடம் மிஞ்சாது. 120 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கணினிகளில் 'நிக்ஸ்-ஸ்டோர் --ஆப்டிமைஸ்' ஓட்டுவதும் பயன் தரும்: ஒரே உள்ளடக்கம் கொண்ட கோப்புகளை ஹார்ட் லிங்காக்கிவிடும்.